நாற்பது லட்சம் ரெக்கார்டு: மொத்த எண்ணிக்கையும் கடைசிப் பக்கமும் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கின்றன?

குமுளி_ஏலம்

எல்லோருக்கும் வணக்கம். குமுளி, வண்டன்மேடு, கம்பம் பக்கம் ஏலக்காய் வாங்கும் கடைகளுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் பராமரித்து வருகிறேன். விவசாயி காய் கொண்டு வந்தால் எடை, கிரேடு, விலை போட்டு ஒரு சீட்டு, அது அப்படியே 'சீட்டு' டேபிளில் ஒரு ரெக்கார்டு. பல வருடச் சீட்டுகள் சேர்ந்து இப்போது நாற்பது லட்சத்தைத் தொட்டுவிட்டது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8, மென்பொருள் லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்), சின்ன சர்வர்தான்.

பட்டியல் பக்கத்தில் ஐம்பது ஐம்பதாகக் காட்டுகிறோம், கீழே 'பக்கம் 1 / 80,000' என்று வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடுகிறது, ஒன்று கவுண்ட் (மொத்தம் எத்தனை என்று எண்ணுவது), இன்னொன்று லிமிட் 50 ஆஃப்செட் இத்தனை (இத்தனையைத் தாண்டி அடுத்த ஐம்பதைக் கொடு). முதல் பக்கத்திலேயே கவுண்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, நடுப் பக்கம், கடைசிப் பக்கம் என்று போனால் ஆஃப்செட் குவெரியும் சேர்ந்து இழுக்கிறது. பறிப்பு சீசனில் நாலைந்து கவுண்டரில் ஒரே நேரத்தில் ஆள் உட்கார்ந்தால் சீட்டு போடுவதே தடுமாறுகிறது. தேதிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப்பட்டியல்) போட்டிருக்கிறேன், வித்தியாசம் பெரிதாக இல்லை. சர்வரைப் பெரிதாக்குங்கள் என்று ஒருவர் சொன்னார், அதற்கு முன்னால் இங்கே கேட்கலாம் என்று வந்தேன்.

வாளையார்_எடைமேடை

தம்பி, சர்வரில் கை வைக்க வேண்டாம், இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போதாமல் போகும். முதலில் ஆஃப்செட்டைப் பார்ப்போம்.

ஆஃப்செட் 20,00,000 என்று சொன்னால் டேட்டாபேஸ் நேராக அந்த இடத்துக்குப் போய் நிற்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருபது லட்சம் ரெக்கார்டையும் வரிசையாகத் தாண்டி, தாண்டியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் ஐம்பதை உங்களுக்குத் தருகிறது. எடைமேடையில் பழைய சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள் இல்லையா, அதில் 'இரண்டாயிரமாவது சீட்டை எடு' என்றால் ஒன்றொன்றாக எண்ணித்தான் ஆக வேண்டும், 'மார்ச் 4ஆம் தேதிச் சீட்டை எடு' என்றால் தேதியைப் பார்த்துக் கட்டோடு தள்ளிவிட்டுப் போய்விடலாம். பி-ட்ரீ இண்டெக்ஸும் (வழக்கமாகப் போடும் இண்டெக்ஸ் வகை) அதே குணம்தான். அதற்கு மதிப்பு தெரியும், எத்தனையாவது என்பது தெரியாது. அதனால்தான் இண்டெக்ஸ் இருந்தும் உங்களுக்கு வேகம் வரவில்லை. அதோடு செலக்ட் * (முழு ரெக்கார்டையும் கேட்பது) போட்டிருந்தால் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இன்ஜின்) அந்தத் தேதி இண்டெக்ஸில் தாண்டுகிற ஒவ்வொன்றுக்கும் பிரைமரி கீ (ரெக்கார்டின் தனி ஐடி) வழியாக முழு ரெக்கார்டையும் போய் எடுத்துவிட்டுத்தான் தூக்கிப் போடும். அது இன்னும் கொடுமை.

தீர்வு, பக்க எண்ணை விட்டுவிட்டு 'கடைசியாகப் பார்த்த சீட்டுக்கு அடுத்தது' என்று கேட்பது. கீசெட் என்பார்கள், கர்சர் பேஜினேஷன் என்றும் சொல்வார்கள். முந்தைய பக்கத்தின் கடைசி ரெக்கார்டின் தேதியையும் (:த) ஐடியையும் (:ஐ) வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள் (வேர் என்பது WHERE, நிபந்தனை; அண்ட், ஆர் என்பவை AND, OR; ஆர்டர் பை என்பது வரிசை, டெஸ்க் என்றால் இறங்குவரிசை):

வேர் தேதி <= :த அண்ட் (தேதி < :த ஆர் (தேதி = :த அண்ட் ஐடி < :ஐ)) ஆர்டர் பை தேதி டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 50

இண்டெக்ஸ் (தேதி, ஐடி) இரண்டுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். இப்போது எண்பதாயிரமாவது பக்கமும் முதல் பக்கமும் ஒரே வேகம்தான், ஏனென்றால் இரண்டிலும் படிப்பது ஐம்பது ரெக்கார்டு மட்டும்.

ஐடி எதற்கு என்றால், ஒரே தேதி நேரத்தில் இரண்டு கவுண்டரில் சீட்டு விழும். வெறும் தேதியில் மட்டும் வரிசைப்படுத்தினால் அந்த இரண்டில் எது முன்னால் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, ஒன்று இரண்டு பக்கத்திலும் வரும், இன்னொன்று எங்குமே வராது. இது ஆஃப்செட் முறைக்கும் பொருந்தும், வரிசை எப்போதும் ஒரு யுனிக் காலத்தில் (மதிப்பு திரும்ப வராத நெடுவரிசை, இங்கே ஐடி) முடிய வேண்டும்.

இன்னொன்று. (தேதி, ஐடி) < (:த, :ஐ) என்று ஒரே அடைப்பில் எழுதுவது பார்க்க அழகாக இருக்கும், போஸ்ட்கிரெஸ் (இன்னொரு டேட்டாபேஸ்) அதை அப்படியே இண்டெக்ஸில் போட்டுத் தேடும். மைஎஸ்கியூஎல்லில் அதை நம்பாதீர்கள், மேலே எழுதியது போல ஆர், அண்ட் என்று பிரித்துக் கொடுப்பதுதான் நல்லது.

தோவாளை_டேட்டா

கவுண்ட் பக்கத்தை நான் சொல்கிறேன். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகும் லோடுகளுக்கு இதே மாதிரி ஒரு டேபிள் எங்களிடமும் இருக்கிறது, ஓணம் சமயத்தில் வீங்கிவிடும்.

மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் இன்ஜின் டேபிளின் மொத்த எண்ணிக்கையைத் தனியாக எழுதி வைத்திருக்கும், வேர் இல்லாத கவுண்ட்(*) கேட்டால் உடனே சொல்லிவிடும். 2010இல் மைஎஸ்கியூஎல் 5.5 வந்தபோது இன்னோடிபி டீஃபால்ட் ஆனது, அது அப்படி எழுதி வைப்பதில்லை. வைக்கவும் முடியாது. ஒரே நேரத்தில் பல டிரான்சாக்ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) ஓடும், ஒருவர் இன்னும் கமிட் செய்யாத (இறுதியாகப் பதிவு செய்யாத) சீட்டு மற்றவருக்குத் தெரியக்கூடாது, அதனால் 'இப்போது எத்தனை' என்பதற்கு ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் ஒரு பதில் இருக்கலாம். எது தெரிகிறது எது தெரியவில்லை என்று பார்த்துத்தான் எண்ண வேண்டும். போஸ்ட்கிரெஸிலும் காரணம் இதுதான்.

கவுண்ட்(*) க்குப் பதில் கவுண்ட்(1) போட்டால் வேகம் என்று வாட்ஸ்அப்பில் ஒருத்தர் விடாமல் அனுப்பிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒன்றுதான், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் கவுண்ட்(விலை) என்று ஒரு காலத்தை (நெடுவரிசையை) கொடுத்தால் அது வேறு கணக்கு, விலை நல் (NULL, மதிப்பே போடாத நிலை) ஆக இருக்கும் சீட்டுகள் விட்டுப்போகும். இன்னும் விலை முடிவாகாத காயை நல் என்று வைத்திருந்தால் எண்ணிக்கை குறைவாக வரும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

எஸ்கியூஎல்_கால்க்_ஃபவுண்ட்_ரோஸ் என்று, பட்டியலோடு மொத்தத்தையும் தரும் ஒரு வழி தேடினால் கிடைக்கும். அதன் பக்கம் போக வேண்டாம். மைஎஸ்கியூஎல் 8.0.17 முதல் அதைக் கைவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள், அதோடு லிமிட் இருந்தும் முழு ரிசல்ட்டையும் ஓட்ட வைக்கும். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் (டேபிள்களைப் பற்றிய விவரம் இருக்கும் இடம்) டேபிள்_ரோஸ் என்று ஒரு எண் சும்மாவே கிடைக்கும், ஆனால் இன்னோடிபிக்கு அது தோராயம்தான், உண்மையிலிருந்து 40, 50 சதவீதம் கூட விலகலாம் என்று மேனுவலிலேயே எழுதியிருக்கிறார்கள். கடைக்காரருக்குக் காட்டும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

லாராவெல் என்றால் பேஜினேட் (பட்டியலைப் பக்கமாகப் பிரிக்கும் கட்டளை) என்பதை சிம்பிள்பேஜினேட் ஆக மாற்றிப் பாருங்கள். அது கவுண்டே ஓட்டாது. ஐம்பதுக்கு ஐம்பத்தொன்று எடுக்கும், ஐம்பத்தொன்றாவது வந்தால் 'அடுத்து' பொத்தான் உண்டு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான். கவனியுங்கள், உள்ளே அது இன்னமும் ஆஃப்செட்தான். வாளையார் அண்ணன் சொன்ன முறை வேண்டுமென்றால் கர்சர்பேஜினேட் இருக்கிறது, லாராவெல் 8இலிருந்து.

குமுளி_ஏலம்

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. சிம்பிள்பேஜினேட் போட்டதும் முதல் பக்கம் சட்டென்று வருகிறது.

பிரச்சினை கடைக்காரர் பக்கம். அவருக்கு 80,000 என்ற அந்த எண் கண்ணில் பட வேண்டும். அவருடைய கணக்குப்பிள்ளை நேராக 31,000 என்று பக்க எண்ணைத் தட்டித்தான் போவார். கர்சரில் அது முடியாதே?

கொழிஞ்சாம்பாறை

முடியாதுங்க. ஆனால் அவர் ஏன் 31,000 என்று தட்டுகிறார் என்று ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எங்கள் பக்கம் நெல் கொள்முதல் கணக்கில் இதே சண்டை நடந்தது. பக்க எண் பெட்டியை எடுக்கவே கூடாது என்றார்கள். பார்த்தால், போன வருட ஐப்பசிச் சீட்டு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று குத்துமதிப்பாக ஒரு எண் போட்டு, அது கார்த்திகையில் போய் விழ, கொஞ்சம் கூட்டி இன்னொரு எண் போட்டு, அப்படியே முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தேதி. பக்க எண் பெட்டி ஒன்றுதான் கையில் இருந்தது, அதனால் அதைப் பழகிக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு தேதிப் பெட்டி வைத்தோம். தேதி போட்டால் கீசெட் குவெரியே அந்தத் தேதியிலிருந்து தொடங்கும், வேறு ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. பக்க எண்ணை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்பதாயிரம் பக்கத்தை யாரும் புரட்டிப் படிப்பதில்லை. மூன்றாவது பக்கத்தைத் தாண்டி ஒருவர் போகிறார் என்றாலே நாம் கொடுத்த தேடல் போதவில்லை என்று அர்த்தம், வேகமான ஆஃப்செட்டைத் தேடுவதற்கு முன்னால் அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

மொத்த எண்ணுக்கு: ஒரு எல்லை வைத்து எண்ணுங்கள்.

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் (செலக்ட் 1 ஃப்ரம் சீட்டு வேர் கடை = 7 லிமிட் 1001) ஆஸ் த

1001 வந்தால் '1000க்கு மேல்' என்று காட்டுங்கள், அதற்குக் கீழே வந்தால் சரியான எண்ணையே காட்டலாம். உள்ளே ஆர்டர் பை வேண்டாம், எண்ணுவதற்கு வரிசை எதற்கு. பெரிய தேடல் இன்ஜின்களே இப்படித்தான் செய்கின்றன, எலாஸ்டிக்சர்ச் 7 முதல் மொத்தத்தை 10,000 வரைதான் துல்லியமாக எண்ணும், அதற்கு மேல் வேண்டுமென்றால் நாமாகக் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: அந்த வேர் நிபந்தனைக்கு இண்டெக்ஸ் இருக்க வேண்டும். இல்லாமல், பொருந்துகிற சீட்டு முந்நூறுதான் என்றால், 1001ஐத் தேடிக்கொண்டு நாற்பது லட்சத்தையும் படித்து முடித்துவிடும்.

நகரி_தறி

கொழிஞ்சாம்பாறை சார் சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். '1000க்கு மேல்' என்பது தேடல் பக்கத்துக்குச் சரி. கணக்கு என்று வந்தால் செல்லாது. இங்கே நகரியில் விசைத்தறிக்காரர்களுக்கு நூல் கொடுக்கல், துணி வாங்கல் கணக்கு ஓட்டுகிறோம், சரக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கும் இந்தப் பக்கம் ஆந்திராவுக்கும் போய் வரும். ஆடிட்டர் வந்து இந்த மாதம் எத்தனை பில் என்று கேட்டால் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடைக்காரர் மொத்தம் பார்க்க ஆசைப்படுவதும் சும்மா இல்லை. நேற்றைவிட இன்று எண் கூடியிருந்தால்தான் பையன்கள் எல்லாச் சீட்டையும் ஏற்றிவிட்டார்கள் என்று அவருக்கு நிம்மதி. அதை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் அதற்காக ஒவ்வொரு கிளிக்குக்கும் நாற்பது லட்சத்தை எண்ண வேண்டியதில்லை. முடிந்த நாள் மாறாது. ராத்திரி கடை அடைத்ததும் கடை, தேதி, கிரேடு வாரியாக எத்தனை சீட்டு, எத்தனை கிலோ என்று ஒரு தினசரிச் சுருக்க டேபிளில் எழுதிவிடுங்கள். மொத்தம் வேண்டும் என்றால் அந்தச் சுருக்கத்தைக் கூட்டி, இன்றைய சீட்டுகளை மட்டும் நேரில் எண்ணிச் சேர்த்தால் போதும். பத்து வருடம் என்றாலும் ஒரு கடைக்கு ஒரு கிரேடுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரெக்கார்டுதான், கண் சிமிட்டும் நேரத்தில் முடியும்.

பழைய தேதிக்குச் சீட்டு போடுவதும் அழிப்பதும்தான் இதில் சிக்கல். அழிக்க விடாதீர்கள். ரத்து என்று ஒரு நிலை வையுங்கள், பழைய தேதியில் எது மாறினாலும் அந்த ஒரு நாளின் சுருக்கத்தை மட்டும் திரும்பக் கணக்கிடுங்கள்.

ட்ரிக்கர் (சீட்டு சேர்ந்தாலோ மாறினாலோ டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளை) வைத்து ஒரே ஒரு எண்ணில் கூட்டு ஒன்று, கழி ஒன்று என்று செய்யலாமே என்று தோன்றும். சீசனில் அது மாட்டிக்கொள்ளும். எல்லாக் கவுண்டரும் அந்த ஒரே ரெக்கார்டைத்தான் லாக் செய்யும் (பூட்டும்), முதல் ஆள் கமிட் செய்யும் வரை மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். ட்ரிக்கர்தான் வேண்டும் என்றால், அந்த எண்ணை அப்டேட் செய்யாமல் +1, -1 என்று தனித்தனி ரெக்கார்டாக இன்செர்ட் செய்துவிட்டு, அவ்வப்போது அவற்றைக் கூட்டி ஒன்றாக்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை

தினசரிச் சுருக்கம் அருமைங்க, கணக்குப் பக்கத்துக்கு அதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். பட்டியல் பக்கத்தில் கடைக்காரரின் நிம்மதிக்கும் அதே எண்ணை எடுத்துப் போட்டுவிடலாம். நான் சொன்னது விவசாயி பெயர், கிரேடு, விலை என்று விதவிதமாக ஃபில்டர் போடும்போது. அதற்கெல்லாம் முன்கூட்டியே சுருக்கம் எழுதி வைக்க முடியாது.

தோவாளை_டேட்டா

விவசாயி ஃபில்டருக்கு எல்லைகூடத் தேவைப்படாது. ஒரு விவசாயிக்குச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் சீட்டு இருக்கும். (விவசாயி_ஐடி, தேதி, ஐடி) என்று ஒரு இண்டெக்ஸ் போட்டால் கவுண்ட், பட்டியல் இரண்டும் அந்த ஒரே இண்டெக்ஸில் முடியும், எண்ணுவதற்கு மெயின் டேபிளைத் தொடவே வேண்டாம்.

பெயரைத் தட்டச்சு செய்து தேடும் இடத்தில் லைக் '%பெயர்%' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் சதவீதக் குறி வந்தால் சாதாரண இண்டெக்ஸால் தேட முடியாது, மேலே பேசிய எல்லாம் வீண். விவசாயி டேபிள் சின்னதுதானே, அங்கே பெயரைத் தேடி ஆளைத் தேர்ந்தெடுக்க வைத்து, ஐடியை எடுத்துக்கொண்டு சீட்டு டேபிளுக்கு வாருங்கள்.

செங்கோட்டை_புளியரை

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக.

மொத்த டேபிளுக்குத் தோராயம் போதும் என்றால் பிஜி_கிளாஸ் என்ற சிஸ்டம் டேபிளில் இருக்கும் ரெல்டியூப்பிள்ஸ் என்ற எண். வேக்யூம் (செத்த ரெக்கார்டுகளைச் சுத்தம் செய்வது), அனலைஸ் (புள்ளிவிவரம் எடுப்பது) ஓடும்போது அது புதுப்பிக்கப்படும். 14ஆம் பதிப்பிலிருந்து, இரண்டும் ஒரு முறைகூட ஓடாத டேபிளுக்கு அதில் -1 இருக்கும், அதை அப்படியே திரையில் காட்டிவிடாதீர்கள். ஃபில்டரோடு தோராயம் வேண்டும் என்றால் எக்ஸ்பிளெய்ன் (குவெரியை எப்படி ஓட்டும் என்று காட்டச் சொல்வது) கொடுத்து அதில் வரும் ரோஸ் எண்ணைப் படிக்கலாம், குவெரி ஓடாது, அதை ஓட்டும் வழியைத் திட்டமிடும் பிளானரின் கணிப்பு மட்டும் கிடைக்கும்.

துல்லியமாக எண்ணுவதும் 2012இல் 9.2 வந்ததிலிருந்து கொஞ்சம் மேம்பட்டது, இண்டெக்ஸை மட்டும் படித்து முடிக்கும் இண்டெக்ஸ்-ஒன்லி ஸ்கேன் வந்தது. ஆனால் விசிபிலிட்டி மேப் (எந்த ரெக்கார்டுகள் எல்லோருக்கும் தெரியும் என்ற குறிப்பு) புதிதாக இருந்தால்தான் பலன், அதற்கு வேக்யூம் ஒழுங்காக ஓட வேண்டும். நாள் முழுக்க எழுதப்படும் டேபிளில் ஆட்டோவேக்யூமை அணைத்து வைத்துவிட்டுக் கவுண்ட் மெதுவாக இருக்கிறது என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கவுண்ட்(*) ஓவர்() போட்டு ஒரே குவெரியில் பட்டியலும் மொத்தமும் எடுப்பது இரண்டு டேட்டாபேஸிலும் உண்டு. குவெரி ஒன்றானது என்பதற்காக வேலை குறையவில்லை, லிமிட்டுக்கு முன்னால் பொருந்துகிற எல்லாவற்றையும் எண்ணித்தான் ஆகும். கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்டால் ரெக்கார்டே வராது, மொத்தமும் சேர்ந்து காணாமல் போகும்.

ஆஃப்செட்டை விடவே முடியாத பழைய ரிப்போர்ட் எதுவும் இருந்தால், உள்ளே ஐடியை மட்டும் ஆஃப்செட்டோடு எடுத்து, வெளியே அந்த ஐம்பது ஐடிக்கு மட்டும் முழு ரெக்கார்டை ஜாயின் செய்யுங்கள். தாண்டுவது மெல்லிய இண்டெக்ஸில் நடக்கும். வியாதி போகாது, வலி குறையும்.

குமுளி_ஏலம்

இரண்டு நாளாக இதே வேலைதான். தேதிப் பெட்டி வைத்தேன், கணக்குப்பிள்ளை உடனே பிடித்துக்கொண்டார், பக்க எண் பெட்டியை எடுத்துவிட்டேன். மொத்தம் தினசரிச் சுருக்கத்திலிருந்து வருகிறது. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரி.

மொபைல் ஆப்பில் மட்டும் ஒரு விஷயம் பிடிபடவில்லை. அது லாராவெல் கர்சரைப் பயன்படுத்தாமல், கடைசிச் சீட்டின் தேதி, ஐடியை ஜேசனில் (தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) வாங்கி அதையே திருப்பி அனுப்புகிறது. கீழே இழுக்க இழுக்க, பக்கம் மாறும் இடத்தில் சில நேரம் ஒரு சீட்டு விட்டுப்போகிறது. எப்போதும் இல்லை, கூட்ட நேரத்துச் சீட்டுகளில்தான். ஒரே தேதி வந்தால் வரிசையைத் தீர்மானிக்க ஐடி டை-பிரேக்கர் இருக்கிறது, இண்டெக்ஸும் இருக்கிறது.

வாளையார்_எடைமேடை

தேதிக் காலம் டேட்டைம்(6) ஆ? ஆப் ஜாவாஸ்கிரிப்டா?

குமுளி_ஏலம்

ஆமாம் அண்ணே, இரண்டுமே.

வாளையார்_எடைமேடை

அப்படியானால் அதுதான். டேட்டைம்(6) மைக்ரோ வினாடி வரை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லி வினாடியோடு நிறுத்திவிடும். டேட்டாபேஸில் 10:15:20.123456 என்று இருப்பது ஆப்புக்குள் போய்த் திரும்பும்போது 10:15:20.123 ஆகிவிடுகிறது. நீங்கள் புதியதிலிருந்து பழையதுக்குப் போகிறீர்கள், 'இதைவிடச் சிறியது' என்று கேட்கும்போது .123000க்கும் .123456க்கும் நடுவில் விழுந்த சீட்டு விடுபடும். கூட்ட நேரத்தில் மட்டும் வருவதற்குக் காரணம், அப்போதுதான் அவ்வளவு நெருக்கமாகச் சீட்டு விழும்.

ஆப்பில் தேதியைத் தொடவே வேண்டாம். சர்வரே தேதியையும் ஐடியையும் சேர்த்து ஒரு எழுத்துக் கோவையாக ஆக்கித் தரட்டும், ஆப் அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பி அனுப்பட்டும். காட்டுவதற்கான தேதி வேறு, கர்சர் வேறு.

'முந்தைய' பொத்தானும் ஆப்பில் இருக்கிறது என்றால், குறியைத் திருப்பி 'இதைவிடப் பெரியது' என்று கேட்டு, ஆர்டர் பையையும் ஏறுவரிசையாக மாற்றி ஐம்பது எடுத்து, வந்த ஐம்பதைத் தலைகீழாக்கிக் காட்ட வேண்டும். ஆர்டர் பையை மாற்றாமல் விட்டால் பக்கத்துப் பக்கம் வராது, பட்டியலின் உச்சியில் இருக்கும் ஐம்பதுதான் வரும்.

நகரி_தறி

விலை வாரியாக வரிசைப்படுத்தும் பக்கம் உங்களிடம் இருக்கிறதா? விலை முடிவாகாத சீட்டு நல் ஆக இருந்தால் கர்சர் அங்கே நின்றுவிடும், நல்லோடு சிறியது பெரியது என்று ஒப்பிட்டால் உண்மையும் இல்லை பொய்யும் இல்லை, ரெக்கார்டே வராது. லாராவெலின் கர்சர்பேஜினேட்டும் நல் உள்ள காலத்தை ஏற்காது.

குமுளி_ஏலம்

இருக்கிறது சார். விலை முடிவாகாதவற்றைத் திரையில் ஒரு தனி டேபுக்கு மாற்றிவிடுகிறேன், கடைக்காரருக்கும் அது தனியாகத் தெரிந்தால் நல்லதுதான். கர்சரைச் சர்வரிலேயே கோவையாக்கி அனுப்பிவிட்டேன், காலையிலிருந்து சீட்டு எதுவும் விடுபடவில்லை. கடைசியாக ஒன்று: விலை இறங்குவரிசை, அதே விலைக்குள் ஐடி ஏறுவரிசை என்று கேட்கிறார், முதலில் வந்தவர் மேலே வர வேண்டுமாம். ஒரே இண்டெக்ஸ் போதுமா?

தோவாளை_டேட்டா

மைஎஸ்கியூஎல் 8இல் போதும். (விலை டெஸ்க், ஐடி) என்று இண்டெக்ஸ் போடுங்கள், பழைய 5.7இல் டெஸ்க் என்று எழுதினால் வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், 8இல்தான் உண்மையாகவே இறங்குவரிசையில் வைக்கிறது. வேர் பகுதியில் குறிகள் வேறு வேறாக வரும், விலை < :வி ஆர் (விலை = :வி அண்ட் ஐடி > :ஐ). எழுதியதும் எக்ஸ்பிளெய்ன் கொடுத்து ஃபைல்சார்ட் (தனியாக வரிசைப்படுத்தும் வேலை) என்று வருகிறதா பாருங்கள், வராவிட்டால் இண்டெக்ஸ் வரிசையிலேயே படிக்கிறது.